சுவிர்ல் மார்க் நீக்கி, கார் பெயிண்டில் ஆழமான பளபளப்பைக் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும்போது வண்டி பளபளவென்றுதான் இருக்கும். வெளியே எடுத்து மதிய வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்க, சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள். இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே இன்னும் மோசம். இவைதான் சுவிர்ல் மார்க். வெள்ளை, சில்வர் வண்டிகளிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணில் படுவது குறைவு, அவ்வளவுதான்.

இவற்றை வீட்டிலேயே நீக்க முடியும். சென்னை மாதிரி வெயிலும் தூசியும் போர் தண்ணீரும் சேர்ந்த ஊரில், தினமும் காலையில் துணியால் துடைக்கப்படும் ஒரு கறுப்பு காரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மிஷினைத் தொடும் முன் ஒன்று மட்டும் மனதில் பதிய வேண்டும். பாலிஷ் போடும்போது பெயிண்டின் மேல்பரப்பைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கிறோம். எடுத்தது திரும்ப வராது. அதனால் எவ்வளவு குறைவாக எடுத்து வேலையை முடிக்கிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

கீறல் எங்கே இருக்கிறது

இன்றைய கார்களின் தகட்டின் மேல் முதலில் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத க்ளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் க்ளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான்.

சுவிர்ல் மார்க் இந்த க்ளியர் கோட்டின் மேல்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாகவும் இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுகின்றன. விளக்கின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி தெரிகிறது. ஒரு டார்ச்சை பானட்டுக்கு மேலே பிடித்து நகர்த்திப் பாருங்கள். வட்டமும் கூடவே நகரும்.

ஆழமான பளபளப்புக்கும் இதே கணக்குதான். பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்புகிறது, கறுப்பு கறுப்பாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான கீறல் விளிம்புகளில் பட்டு ஒளி சிதறினால் கறுப்பின் மேல் வெளுத்த திரை விழுகிறது. மெழுகு பூசினால் அந்தத் திரை கொஞ்ச நாள் மறையும். கடைகளில் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுக்கும் ரப்பிங் பாலிஷ் பலவற்றில் எண்ணெயும் நிரப்புப் பொருளும் கலந்திருக்கும். அவை கீறல்களை அடைத்து வைக்கின்றன. நாலு வாட்டர் வாஷ் ஆனதும் கீறல்கள் அப்படியே திரும்ப வருவது அதனால்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுக்கும்போது நகம் மாட்டினால், அது பாலிஷில் போகாத ஆழம். அதைத் துரத்தாதீர்கள். அதன் விளிம்புகளை மழுங்கச் செய்து, கண்ணுக்குத் தெரிவதைக் குறைத்தால் போதும். க்ளியர் கோட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும் ரூஃபையும் பாலிஷ் காப்பாற்றாது. அது பெயிண்ட் ஷாப் வேலை.

என்னென்ன வேண்டும்

முக்கியமானது மிஷின். சந்தையில் இரண்டு வகை இருக்கின்றன. ரோட்டரி பாலிஷர் ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், அதாவது க்ளியர் கோட்டை வேகமாகத் தேய்த்து எடுக்கும்; சூடும் வேகமாக ஏறும். பழகாத கையில் ஓரங்களில் பெயிண்டை எரித்துவிடும், இல்லையென்றால் ஹோலோகிராம் எனப்படும் அலை அலையான தடங்களை விட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், சுருக்கமாக டிஏ, சுற்றிக்கொண்டே ஊசலாடவும் செய்யும். அழுத்தம் அதிகமானால் சுழற்சி தானே நின்றுவிடும். அதனால் புதிதாகத் தொடங்குபவர் டிஏ மட்டும் வாங்குங்கள். 15 மி.மீ. ஊசலாட்டமும், பாலிஷ் செய்யும் பஞ்சு வட்டை மாட்டும் 5 அங்குலத் தட்டும் (பேக்கிங் பிளேட்) கொண்டது முழு காருக்கும் பொருந்தும்.

பேட் (அந்தப் பஞ்சு வட்டு): வெட்டும் ஃபோம் பேட் ஐந்தாறு, ஃபினிஷிங் ஃபோம் பேட் மூன்று நான்கு. ஒரே பேடில் முழு காரையும் முடிக்க நினைக்கக் கூடாது. பேட் சூடாகி, பாலிஷ் மருந்தில் ஊறி, இறுகிப்போய் வேலை செய்யாது. பேடின் நிறத்தை வைத்து அதன் கடினத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு அல்ல.

மருந்தில் இரண்டு போதும்: வேகமாக வெட்டும் ஒரு காம்பவுண்ட், கடைசியில் மெருகேற்றும் ஒரு ஃபினிஷிங் பாலிஷ். மெகுவையர்ஸ் கம்பெனியில் எம்105 வெட்டுவதற்கு, எம்205 முடிப்பதற்கு. 3எம், மென்செர்னா போன்றவற்றிலும் இதே மாதிரி ஜோடிகள் உண்டு. சில மருந்துகளில் உராய்வுத் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகும். அவற்றை முழுதாக உடையும்வரை ஓட்ட வேண்டும், பாதியில் நிறுத்தினால் மங்கல் மிஞ்சும். வேறு சிலவற்றில் துகள் கடைசிவரை ஒரே அளவில் இருக்கும். எது எந்த வகை என்று புட்டியில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், நல்ல மைக்ரோஃபைபர் துண்டுகள் பத்துப் பதினைந்து, களிமண் பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் மென்மையான கட்டி), இரும்புத் துகள் நீக்கி, கார் ஷாம்பூ, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், பிரகாசமான எல்இடி டார்ச், கையுறை, மாஸ்க். பெயிண்ட் தடிமன் மீட்டர் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டும் இடம் ஏற்கெனவே டிங்கரிங் ஆகித் திரும்ப பெயிண்ட் அடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 80-க்குக் கீழே காட்டினால் அங்கே காம்பவுண்ட் வைக்காதீர்கள். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரை அளக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் கழுவுதல்

தூசி இருக்கும் பெயிண்டில் பாலிஷ் மிஷின் ஓட்டினால் புதுக் கீறல்தான் விழும். வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் கைக்குச் சூடு தெரியாதபடி ஆறவிடுங்கள். மேலிருந்து கீழே தண்ணீர் அடித்து ஒட்டாத மண்ணை இறக்குங்கள். இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். கார் கழுவும் கையுறையை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்கு வர வேண்டும். சக்கரங்களுக்குத் தனிக் கையுறை. பாத்திரம் கழுவும் சோப்பை வழக்கமாகப் பயன்படுத்தக் கூடாது.

போர் தண்ணீர் பிரச்சினையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். வெயிலில் சுட்டு இறுகினால் ஷாம்பூவுக்கு அசையாது. புதிய கறை என்றால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, உடனே நன்றாகக் கழுவிவிடலாம். பழைய கறை க்ளியர் கோட்டை அரித்துக் குழி விட்டிருக்கும். அதற்குப் பாலிஷ்தான் வழி. கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரோ ஆர்ஓ மிஷினின் நல்ல தண்ணீரோ ஒரு பக்கெட் கிடைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஆர்ஓ வெளியேற்றும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைக் காருக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒட்டியிருப்பதை எடுத்தல்

கழுவி முடித்த பானட்டின் மேல், கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது மணல் தாள் மாதிரி உறுத்தும். பிரேக் பேடிலிருந்து பறந்த இரும்புத் துகள், ரயில் பாதை ஓரப் புழுதி, பக்கத்துக் கட்டடத்துக்கு அடித்த பெயிண்டின் தூறல் எல்லாம் க்ளியர் கோட்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன.

இரும்புத் துகள் நீக்கியைக் குளிர்ந்த பெயிண்டில் தெளியுங்கள். துகள் இருக்கும் இடத்தில் சிவந்த ஊதா நிறத்தில் வழியும். வெள்ளை வண்டியில் இதைப் பார்த்தால் அதிர்ந்து போவீர்கள். வாடை கடுமையாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காய விடாமல் கழுவிவிடுங்கள். தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி இருக்கிறது.

அதன் பிறகு களிமண் பார். சிறு துண்டாகக் கிள்ளித் தட்டையாக்கி, ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் சரசரவென்று சத்தம் வரும், பிடிப்பும் இருக்கும். இரண்டும் அடங்கி வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துப் புதுப் பரப்பைக் காட்டுங்கள். கீழே விழுந்த துண்டு குப்பைக்குத்தான் போக வேண்டும். தரையில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானட் முழுக்கக் கோடு போட. கறுப்பு பெயிண்டில் களிமண்ணே லேசான கோடுகளை விடும். அடுத்து பாலிஷ் வருவதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

திரும்பக் கழுவி, உலர்த்தி, ரப்பர் பீடிங், பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, கூரான உடல் கோடுகள் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேனலின் ஓரத்திலும் மடிப்புக் கோட்டிலும் க்ளியர் கோட் மெலிதாகத்தான் இருக்கும். பெயிண்ட் அறுந்துபோகும் விபத்துகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன.

டெஸ்ட் ஸ்பாட்

முழு காரில் இறங்கும் முன் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பதுதான் டெஸ்ட் ஸ்பாட். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இது முழு வேலையிலும் முக்கியமானது. க்ளியர் கோட்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் நிறத்துக்கு நிறமும் மாறும். இன்னொருவர் காருக்குச் சரியாக வந்த மருந்து உங்களுடையதற்கு அதிகமாக இருக்கலாம்.

பானட்டில் சுமார் 40 செ.மீ. சதுரத்தை டேப்பால் குறியுங்கள். மிக மென்மையான சேர்க்கையில் தொடங்குங்கள்: ஃபினிஷிங் பேட், ஃபினிஷிங் பாலிஷ். ஓட்டித் துடைத்து டார்ச்சில் பாருங்கள். கீறல் போய்விட்டதா? அப்படியென்றால் முழு காருக்கும் அதுவே போதும், காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். போகவில்லையா? மருந்தை மாற்றாமல் பேடை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் காம்பவுண்ட். தினமும் துணி பட்ட கறுப்பு காருக்குப் பெரும்பாலும் காம்பவுண்டுவரை போக நேரும். நூற்றுக்கு நூறு கீறலும் போக வேண்டும் என்று நிற்காதீர்கள். பத்தில் எட்டு போனாலே தெருவில் வண்டி புதிதாகத் தெரியும், க்ளியர் கோட்டும் மிச்சமாகும். அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் அந்த இடத்தில் நிறுத்துவதையே விரும்புவேன்.

மிஷின் ஓட்டும் முறை

புதுப் பேடில் மருந்தை மெல்லப் பரப்பி, முகப்பு முழுக்க ஈரம் ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். மருந்து அதிகமானால் வழுக்கும், வெட்டாது, எங்கும் தெறிக்கும்.

பேடைப் பெயிண்டின் மேல் வைத்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். தூக்கும் முன் அணைத்துவிட வேண்டும். முதலில் குறைந்த வேகத்தில் மருந்தைப் பகுதி முழுக்கப் பரப்புங்கள். பிறகு ஆறு வரை எண் இருக்கும் மிஷினில் 4 அல்லது 5 வையுங்கள். கை நகரும் வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே. தொடங்கும்போது இது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரியான வேகம். இடமிருந்து வலமாக ஒரு வரிசை, அடுத்த வரிசை முந்தையதில் பாதியை மூடும்படி. பகுதி முடிந்ததும் மேலிருந்து கீழாக அதே மாதிரி. இது ஒரு முறை. இப்படி நாலு முதல் ஆறு முறை.

அழுத்தம் எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய வழி. பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மிஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு நின்று வெறுமனே நடுங்கினால் அழுத்தம் அதிகம், இல்லையென்றால் பேட் சாய்ந்திருக்கிறது. கதவின் வளைவான இடங்களில் இது அடிக்கடி நடக்கும். பேடைப் பரப்போடு தட்டையாகக் கொண்டுவந்தால் மறுபடி சுற்றும்.

அடிக்கடி உள்ளங்கையைப் பெயிண்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சூடு தகடு மாதிரிப் பரவாது, ஒரே இடத்தில் தங்கும். அங்கே வேகத்தையும் முறைகளையும் குறைக்க வேண்டும். மிஷினின் ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டால் கதவில் உரசாது.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷால் தேயுங்கள். காய்ந்த மருந்தும் உங்கள் காரிலிருந்து வந்த க்ளியர் கோட்டும் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். அதைத் தட்டாமல் ஓட்டினால் அந்தப் பொடியே புதுக் கீறல் போடும். பொடியில் உங்கள் கார் நிறம் வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். மேலே க்ளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்கு பெயிண்ட் என்றால் அது இயல்பு. க்ளியர் கோட் உள்ள வண்டியில் நிறம் வந்தால் அடுக்கு முடிந்துவிட்டது என்று பொருள்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்று: கோடையில் மருந்து சீக்கிரம் காய்ந்து பிசுபிசுக்கும். பகுதியைச் சின்னதாக்குங்கள், காலை வேளையில் வேலை செய்யுங்கள், வேகமான ஃபேன் காற்று நேரே பேனலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை செய்கிறவருக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போய்விடும். களைப்பு வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். ஓரங்களில் கை தவறுவது சாயங்காலத்தில்தான்.

துடைத்துப் பார்த்தல், பிறகு ஃபினிஷிங்

காம்பவுண்டைத் துடைத்ததும் வண்டி அழகாகத் தெரியும். அதை நம்பாதீர்கள், மருந்தின் எண்ணெய் கீறலை மறைத்திருக்கலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் மெதுவாகத் துடையுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பல கோணங்களில் காட்டிப் பாருங்கள். இப்போது தெரிவதுதான் உண்மை.

கறுப்பில் காம்பவுண்ட் ஒரு மெல்லிய மங்கலை விடும், புகை படிந்த மாதிரி. ஃபினிஷிங் பேடும் பாலிஷும் இதற்குத்தான். அதே முறை, அழுத்தம் மட்டும் மிஷினின் எடையே போதும், மூன்று நான்கு முறை. இந்தச் சுற்றில் எடுக்கப்படும் க்ளியர் கோட் மிகக் குறைவு, கிடைக்கும் வித்தியாசமோ பெரிது. மேலே இருக்கும் டியூப்லைட்டின் விளிம்பு பானட்டில் கலங்கலாகத் தெரிந்தது, இப்போது கத்தி முனை போலத் தெளிவாக விழும். ஆழமான பளபளப்பு பிறக்கும் இடம் இதுதான். மெழுகு அதன் மேல் சிறிதளவு சேர்க்கும், அவ்வளவே.

மிஷின் இல்லாமல் கையால் செய்ய முடியுமா என்றால், கதவுக் கைப்பிடியின் உள்குழி மாதிரிச் சின்ன இடங்களுக்கு முடியும். பானட்டையோ ரூஃபையோ கையால் முடிப்பது நடக்காத காரியம்.

மேல் பூச்சு

கார்னௌபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது. கறுப்பில் அதன் ஒளி இதமாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் சில மாதங்கள் வரும். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது எளிதாகும். ஆனால் செராமிக் போட்டால் கீறலே விழாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பூச்சின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். கூடவே, போர் தண்ணீர் கறை செராமிக்கின் மேலும் பிடிக்கும். கீறலை உண்மையில் தாங்குவது பெயிண்டின் மேல் ஒட்டும் தடிமனான பிபிஎஃப் பிளாஸ்டிக் ஃபிலிம், அதற்கு விலையும் அதற்கேற்ப.

செராமிக் பூசுவதென்றால் ஆல்கஹால் துடைப்பு மிக முக்கியம், எண்ணெய் மிச்சம் இருந்தால் ஒட்டாது. சின்னப் பகுதியாகப் பூசி, குறிப்பில் சொன்ன நேரத்தில் சமமாகத் துடைத்துவிட வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் அந்த நேரத்தை மாற்றும். தவறவிட்டுக் காய்ந்த திட்டை எடுக்க மறுபடி பாலிஷ்தான். முதல் முறை செய்பவருக்கு நான் சீலன்டைத்தான் சொல்வேன்.

இனி கீறல் விழாமல்

இவ்வளவு உழைப்பும் அடுத்த நாள் காலையில் ஒரு காய்ந்த துணியால் போய்விடும். காலையில் கார் துடைக்க வருகிற அண்ணன் வேலையில் குறை வைப்பதில்லை. அவர் கையிலிருக்கும் பனியன் துணியும், ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து கார்களின் மண்ணும்தான் பிரச்சினை. அவரிடம் பேசி, உங்கள் வண்டிக்கென்று தனியாக நாலைந்து மைக்ரோஃபைபர் துண்டும் ஒரு ஸ்ப்ரே பம்பும் வாங்கிக் கொடுங்கள். "அண்ணே, தண்ணி அடிச்சு ஊறவிட்டு அப்புறம் துடைங்க, காய்ஞ்ச துணி வேண்டாம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். தினமும் துடைக்க வேண்டியதில்லை, கண்ணாடிகளை மட்டும் தினமும், உடலை வாரம் ஒரு முறை என்று பேசிக்கொள்ளலாம். சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள அபார்ட்மென்டில் அலசத் தேவையில்லாத வாஷ் மருந்து நல்ல வழி. ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, பல துண்டுகளை நனைத்து, ஒரு பக்கத்தால் ஒரு முறை மட்டும் இழுத்து, மடித்துப் புதுப் பக்கம் எடுக்க வேண்டும். அழுக்கான பக்கம் பெயிண்டுக்குத் திரும்பக் கூடாது. சேறு அப்பியிருக்கும் நாளில் இந்த முறை வேண்டாம். இறகு துடைப்பம், காய்ந்த துணி இரண்டையும் டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காக்கை, புறா எச்சம் விழுந்தால் அன்றே, வெயில் ஏறும் முன் எடுக்க வேண்டும். காய்ந்திருந்தால் தேய்க்காமல், ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே மேல் நோக்கித் தூக்கி எடுங்கள். அதற்கென்று ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் எப்போதும் காரிலேயே கிடக்கட்டும்.